மாமன் விட்டுக்கொடுத்த முறை

என் அம்மா பாசாருக்குப் போனால் சீனக் காய்கறிக்காரிகள் அவளிடம் சீனத்தில்தான் பேசுவார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. மலாயில் விலை கேட்பாள். அவர்கள் அவள் மூக்குத்தியையும் குங்குமத்தையும் கண்டாங்கிச் சேலையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நாலு கடை தள்ளிப் பூ விற்கும் தமிழரிடம் போனால், அந்த மனுஷன் அம்மா முகத்தைப் பார்த்து, "மாவ் ஆப்பா?" என்று மலாயில் என்ன வேண்டும் எனக் கேட்பார். "ரெண்டு முழம் மல்லிகை குடுங்க அண்ணே, வாடினதாக் குடுக்காதீங்க" என்று அம்மா அச்சுத் தமிழில் சொல்வாள். அவருக்கு வாய் பிளந்துபோகும். பக்கத்தில் நிற்கும் எனக்குக் காது சுடும். வெட்கப்படும்படி நாங்கள் யார் குடியையும் கெடுத்துவிடவில்லை. ஆனாலும் வெட்கம் வரும். எங்கள் வீட்டில் அது சொத்து மாதிரி, மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்தது.

அம்மா பிறப்பால் சீனத்தி. பினாங்குக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கம் அப்போது எல்லாம் கரும்புத் தோட்டம். தமிழர்களும் சீனர்களும் அடுத்தடுத்த லயங்களில் குடியிருந்து கரும்பு வெட்டினார்கள். ஒரு சீனக் கூலியின் பெண்சாதி பிரசவத்தில் போய்விட, அவன் பச்சைக் குழந்தையைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு லயம் லயமாக நின்றிருக்கிறான். கரும்பு ஏற்ற மாட்டுவண்டிகள் ஓட்டிக்கொண்டிருந்த என் தாத்தா வாங்கிக்கொண்டார். அந்த நாளில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. பினாங்கிலும் அக்கரையிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் சீனப் பெண் குழந்தைகள் வளர்ந்தன. தாத்தா அவளுக்கு மொட்டை போட்டு, காது குத்தி, நாக்கில் சேனை தொட்டு வைத்துத் தன் மகளாக்கிக்கொண்டார். அந்தச் சீனன் அப்புறம் எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் கேட்டதில்லை.

தாத்தாவுக்கு ஏற்கனவே ஒரு மகன் இருந்தார். அவர்தான் என் மாமா. தங்கச்சியை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கித் திரிந்தவர் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்திருக்கிறது. லயத்துப் பையன் ஒருவன் அவளைச் "சீனத்தி" என்று கூப்பிட்டதற்காக அவன் பல்லை உடைத்து, அதற்குத் தாத்தாவிடம் சவுக்கடி வாங்கினாராம். அந்தக் கதையை அம்மா சொல்லும்போது பல் உடைந்த பையனுக்காக ஒரு 'ச்சு' கூடக் கொட்டமாட்டாள்.

தாத்தாவே பார்த்துத்தான் அம்மாவை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா கப்பலில் தனியாக வந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, பினாங்குத் துறைமுக ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஆனவர். கேட்க ஆள் இல்லாத மாப்பிள்ளைக்குக் கேள்வி கேட்க முடியாத பெண் என்று என் அத்தை பிற்பாடு சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா. விதவையானதும் ஊரிலிருந்து கப்பலேறி எங்களோடு வந்து சேர்ந்தவள். வந்த அன்றே அம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்னடா தம்பி, இது?" என்று கேட்டாளாம். 'இவள்' என்றுகூட இல்லை, 'இது'.

எனக்குக் காது குத்தியது மாமா மடியில் வைத்துத்தான். தாத்தா உயிரோடு இருந்தவரை மாமா வருஷத்துக்கு நாலு தரம் படகேறி வருவார். கையில் கரும்போ பலாச்சுளையோ இருக்கும். வாசலிலிருந்தே "தங்கச்சீ" என்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிடுவார். அம்மா அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து ஓடுவாள்.

பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். மாமா மாடுகளை விற்றுவிட்டுப் பினாங்கு டவுனுக்கே வந்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்ற இறக்கக் காண்ட்ராக்ட் எடுத்தார், லாரி வாங்கினார். முன்பே ஊருக்குப் போய்ச் சொந்த ஜாதியில் கட்டி, அங்கேயே விட்டிருந்த மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அதற்கு முன் எங்கள் ஆட்களுக்கு இங்கே ஜாதி இருந்தது, ஆனால் அதற்குப் பெஞ்சு நாற்காலி கிடையாது. இப்போது சங்கம் என்று ஒன்று வைத்து, வாடகைக்குக் கட்டடம் பிடித்து, சுவரில் படம் மாட்டி, மாமாவைத் தலைவராக உட்கார வைத்தார்கள். மாமா டவுனுக்கு அக்கரையிலிருந்து வந்த காலத்தைவிட, டவுனிலேயே இருந்த காலத்தில்தான் எங்கள் வீடு அவருக்குத் தூரமாகிப் போனது. தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கியாம்மா?" என்பார். தங்கச்சி என்ற சொல்லை எங்கோ வைத்துவிட்டார். லாரி வேலை அதிகம், அண்ணனுக்கு மூச்சுவிட நேரம் இல்லை என்று அம்மா என்னிடமும் என் தம்பியிடமும் சொல்வாள். அவர் சார்பில் இவளே வக்கீல்.

இப்படி இருக்கும்போதுதான் நான் பெரியவளானேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கூச்சப்பட எனக்கு யார் விட்டார்கள்? அத்தை போட்ட குலவையில் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர்கூட என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார். பின்கட்டில் தென்னை ஓலையில் குச்சு கட்டி என்னை உட்கார வைத்தார்கள். அந்தக் குச்சைக் கட்ட வேண்டியவர் தாய்மாமன். பச்சை ஓலை வெட்டி வந்து தன் கையால் முடைய வேண்டும். மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். லாரி பட்டர்வொர்த்தில் நிற்கிறது என்று பதில் வந்தது. லாரிக்கு ஓலை முடையத் தெரியாது, நிற்கட்டும் என்று எனக்கு எரிச்சல். தேங்காய் பறிக்கிற மலாய்க்காரர் ஒருவர் வந்து கட்டிவிட்டுப் போனார். நன்றாகத்தான் கட்டினார்.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்து அத்தை என்னைப் படுத்திய பாட்டுக்கு நடுவே, குச்சுக்கு வெளியே நடந்த பேச்செல்லாம் ஓலைச் சந்து வழியாகத்தான் எனக்கு வந்தது. பேச்சு முழுக்க ஒன்றே ஒன்றைப் பற்றி. பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றி உட்கார வைக்கும்போது மாமன் சீர் யார் கொண்டு வருவது? மாமன் கையால் மாலை விழுந்து, மாமன் எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வர வேண்டும். மாமன் வராத பெண்ணென்றால் அவள் தாய்க்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். அம்மாவுக்குப் பிறந்த வீடு உண்டா இல்லையா என்பதை ஊர் அன்றைக்குப் பார்க்கப் போகிறது.

அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து, மாமா வீட்டுக்குப் போய் முறைப்படி அழைத்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த அம்மா குச்சுக்கு வெளியே உட்கார்ந்து, "அண்ணன் பாக்கலாம்னு சொன்னாரு" என்றாள். அந்தப் 'பாக்கலாம்'தான் அப்புறம் எங்கள் வீட்டுச் சாப்பாடு. வருவதாக அர்த்தம் என்பாள் அம்மா. வேலை இருந்தால் கொஞ்சம் லேட்டாகும் என்று அர்த்தமாக இருக்கும் என்பார் அப்பா. அத்தை மட்டும் உடைத்துச் சொன்னாள்.

"ஏன்டா தம்பி, ஒனக்குப் புரியலியா? அவனுக்கு ஒரு மகன் இருக்கான்லா. தாய்மாமன் சீர் வெச்சிட்டா இவ அவனுக்கு முறைப்பொண்ணு. நாளைக்கு நாம போயி, முறைப்படி ஒம் மகனுக்கு என் மகளக் கட்டுன்னு கேட்டா அவன் எங்க போயி முட்டிக்குவான்? சங்கத் தலைவன் வீட்டுக்குச் சீனத்தி மக மருமகளா வரணுமா?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாமா மகனை எனக்குத் தெரியும். எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கொலுசைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவன். அவனைத் தங்கத்தட்டில் வைத்து எடுத்து வந்தாலும் நான் கட்டிக்கொள்ளப் போவதில்லை. நான் கேட்காத மாப்பிள்ளையை எனக்குத் தர மாட்டேன் என்று ஒரு வீடே பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஆனால் ஓலைக்கு அப்பால் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்த எனக்கு முகம் செத்துப்போனது.

பதினாறாம் நாள் வீடு நிறைய ஆட்கள். அப்பாவின் ஆபீஸ் கிராணிமார், தெருக்காரர்கள், சங்கத்திலிருந்துகூட நாலைந்து பெரியவர்கள். காலையிலேயே அத்தை அம்மாவிடம், "வந்து போறவங்கள நான் பாத்துக்கறேன், நீ சமையல்கட்டுல இரு" என்றாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். அப்பா நல்லவர், ஆனால் நல்லவராக இருப்பதற்கு அவருக்கு எப்போதும் நேரம் தவறிவிடும். தன் மகள் சடங்கில் அம்மா புகைக்கு நடுவே உட்கார்ந்து வெங்காயம் அரிந்தாள்.

வேளை போய்க்கொண்டே இருந்தது. மாமன் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியதை நான் பார்த்தேன். நனைந்த தலையோடு பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு, பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அத்தையின் தூரத்து உறவுக்காரர் ஒருவரை மாமன் இடத்தில் நிற்க வைத்துவிடலாம் என்று அப்பா காதில் யாரோ ஓதினார்கள். அப்பா தலையாட்டப் போகிற நேரத்தில் தெருவில் லாரிச் சத்தம் கேட்டது.

மாமா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகை. பின்னால் தட்டு தட்டாகச் சீர் இறங்கியது. தேங்காய், பழம், சீனி மிட்டாய், வளையல், அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட பட்டுச் சேலை, என் இடுப்பு வரை தொங்குகிற ரோஜா மாலை. அம்மா ஈரக்கையோடு சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். அத்தையின் கண்ணைப் பார்த்தும் நிற்கவில்லை. மாமா என் கழுத்தில் மாலையைப் போட்டபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அப்படிச் சந்தோஷமாக அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போகட்டும், மனுஷன் வந்துவிட்டார், குச்சும் லாரியும் எக்கேடும் கெடட்டும் என்று நினைத்தேன்.

சேலை மாற்றிக்கொண்டு நான் திரும்ப வந்து உட்கார்ந்ததும், மாமா தொண்டையைக் கனைத்தார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சபையில பெரியவங்க எல்லாம் இருக்கீங்க. தாய்மாமன் முறையில இந்தப் பொண்ணு மேல எனக்கு உரிமை இருக்கு. என் மகனுக்கு நான் அதக் கேக்கப் போறதில்ல. எல்லார் முன்னாலயும் முறைய விட்டுக் குடுக்கறேன். மச்சான் எங்க வேணும்னாலும் பொண்ணக் குடுக்கலாம். நாளைக்கு யாரும் வந்து முறை பேசக்கூடாது."

முறை விட்டுக்கொடுப்பது எங்களில் உண்டு. ஆனால் அது பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயம் ஆகும்போது, அவர்கள் போய்க் கேட்டு, இவர்கள் மனசில்லாமல் கொடுக்கிற மரியாதை. சீர் வைத்த கையோடு, மாலை வாடும் முன்பே, கேட்காதவர்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சங்கத்துப் பெரியவர்கள் எதற்காக வந்தார்கள் என்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாட்சிக்கு. அவ்வளவு பேர் நடுவில் புதுச்சேலை கட்டி உட்கார்ந்துகொண்டு, என்னை வேண்டாம் என்று சொல்வதை நான் கேட்டேன். எனக்கு மூஞ்சியெல்லாம் பற்றி எரிந்தது. மாலையைக் கழற்றி அவர் தலைப்பாகை மேலேயே வீசலாமா என்று கை துடித்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தட்டை வாங்கக் கையை நீட்டினார்.

அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"குடுங்க அண்ணே," என்றாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? தாய்மாமன்னு அண்ணனே வாயால சொல்லிட்டாரு. இல்லாத முறைய யாராச்சும் விட்டுக் குடுப்பாங்களா?"

மாமாவின் முகம் சுருங்கியது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், அம்மா சோறு போட வந்ததும், வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா அதைச் சாமர்த்தியமாகச் சொன்னாள் என்று அப்பா பிற்பாடு பெருமைப்பட்டார். மாமாவின் மூக்கை அறுத்துவிட்டாள் என்று அத்தையே சொன்னாள். எனக்கும் அப்படி இருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் நான் அம்மாவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தேன். அவள் யார் மூக்கையும் அறுக்கவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அந்த வெற்றிலையை ஓலைக் கொட்டப்பெட்டியில் வைத்துச் சருகாகும்வரை வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் முறை விட்டுக் குடுத்தாரு, சபையில வெச்சு" என்று சொல்வாள். கேட்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். செருப்பால் அடித்துவிட்டுப் போனவனின் செருப்பை எடுத்துப் பூஜையில் வைத்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. "போதும் நிறுத்தும்மா" என்று பல்லைக் கடிப்பேன். "ஏன்டி, நல்ல சமாச்சாரந்தானே?" என்பாள்.

மாமா அதன்பின் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. எனக்குக் கெலுகோர் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டில் கல்யாணம் ஆனது. அதற்குப் பத்திரிகை வைத்தோம், ஆள் வரவில்லை. எனக்கு மகள் பிறந்து, அவளுக்குக் காது குத்தும்போது என் தம்பி மடியில் வைத்துக் குத்தினோம். அம்மா கூட்டத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் நடக்கப் பழகின வருஷம் அம்மா படுத்துவிட்டாள். விஷக்காய்ச்சல். நான் பிள்ளையோடு வந்து பக்கத்திலேயே இருந்தேன். ஒருநாள் மத்தியானம், கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அடியில் காகிதம் பிரிக்காத ஒரு சேலை இருந்தது. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கரை.

"இது எப்ப எடுத்ததும்மா? கட்டவே இல்லியே?"

"கட்டறதுக்கு இல்லடி. கோடி."

கட்டிய புருஷன் இருக்கக் கண்மூடுகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பிமார் கொண்டு வந்து உடம்பின் மேல் போர்த்திய பிறகுதான் பாடை எழும். அதை அவளே கடைக்குப் போய் எடுத்து வைத்திருந்தாள்.

"அண்ணனுக்கு வேல அதிகம். அந்த நேரத்துல எங்கன்னு கடைக்கு ஓடுவாரு? அவரு வந்ததும் கையில குடு. அவரு குடுத்து வெச்சதுன்னு சொல்லிடு. என்னா?"

நான் சரி என்று சொல்லவில்லை. பெட்டியைச் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா போனாள். மாமா வந்தார். சங்கத்தார் இரண்டு பேரோடும் மனைவியோடும், வெறுங்கையோடு, வாசல் பக்கம் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. குளிப்பாட்டி முடித்ததும் ஒரு கிழவி உரக்கக் கேட்டாள்: "பொறந்த வீட்டுக் கோடி எங்க? கொண்டாங்க, நேரமாவுது."

மாமா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவர் அப்படி நிற்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. நின்று, வியர்த்து, ஒருநாளாவது வெட்கம் எங்கள் வீட்டை விட்டு அவர் வீட்டுக்குப் போகட்டும். ஆனால் துணி இல்லாமல் கிடந்தவள் அம்மா. நான் உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்தேன்.

"மாமா, நீங்க குடுத்து வெச்சிருந்தீங்களே, இந்தாங்க," என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாங்கிப் பிரித்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி முகம் கறுத்து, "இத எப்ப எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று கேட்டாள். சங்கத்துக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தங்கச்சிக்குச் சேல எடுக்க உன்கிட்ட கேக்கணுமாடி?" என்று மாமா கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கத்திவிட்டு அவர் குனிந்து, அம்மா வாங்கிய சேலையை அம்மாவின் மேல் போர்த்தினார். எல்லாரும் அண்ணன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மா இதைக் கேட்டிருந்தால் எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பாளோ. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.